அக்காவின் ஜீப்புக்கு டீசல் எஞ்சின்

மில்லி என்ற பெயரைக் கேட்டால் புதிதாக வருபவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பாவம், அந்த மனிதர் தேநீரைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வதால் வந்த பெயர் அது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனாலும் கையில் அளவு நாடாவோடுதான் நிற்பார். எதையும் மூன்று முறை அளந்து, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மலை ஏறும் ஜீப்புகளைப் பழுது பார்ப்பதில் இருபத்தெட்டு வருட அனுபவம். இத்தனை வருடத்தில் தப்பாக அளந்துவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருடைய அக்கா மாட்டு டாக்டர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஊரைக் கூட்டும். மலை மேல் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்குச் சொந்த ஜீப்பில் போய் மாடு, ஆடுகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் வேலை. அந்த ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் ஒரு நாள் பாதி மலையில் கையை விரித்துவிட்டது. அவரைக் கீழே இறக்க, கால்நடைத் துறை ஆபீசில் இதுதான் சாக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலை மேலதிகாரியே ஜீப்பில் உட்கார்ந்து மலை ஏறிப் பார்ப்பாராம். வண்டி ஏறினால் அக்காவின் மலை வேலை தொடரும். ஏறாவிட்டால் ஓய்வு பெறும்வரை கீழே ஆபீசில் நாற்காலி, மேஜை, ரப்பர் ஸ்டாம்பு. நாற்காலி என்ற வார்த்தையைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், நல்ல டீசல் எஞ்சினா பார்த்துப் போடு. மேட்டுல மூச்சு வாங்கக் கூடாது" என்றார் அக்கா.

"உனக்கே மூச்சு வாங்குதேக்கா. வயசு என்ன ஆகுது?"

"உன்னைவிட மூணு கூட. வாயைக் குறைச்சுக்கிட்டு வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்க மில்லிக்கு மனசே இல்லை. அது அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் ஜீப் வழுக்கி, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றிருக்கிறது. அதை அக்கா விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மில்லிக்கு வாயில் இருந்த கவளம் உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே அவர் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

எஞ்சின் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த புத்தம் புது எஞ்சின். ஒயர், பம்ப், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் மூளைப் பெட்டி எல்லாம் அதோடேயே இருந்தன. பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பது மில்லியின் மனைவியின் தம்பி. அவன் கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தான். மில்லி குனிந்து, உள்ளே இருந்ததைத் தொடாமலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கக்காவைக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்ல மாமா" என்றான் வெல்டர்.

"உங்கக்காவுக்கு ரெண்டு வருஷ வாரண்டி குடுத்தாங்களாடா மாப்ள? செயின் பிளாக்கை இழு."

ஜீப்பை நாலு ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு வேலை தொடங்கியது. பழைய எஞ்சின் வெளியே வந்தது. புதியதைச் சங்கிலியில் தொங்கவிட்டு, விரற்கடை விரற்கடையாக இறக்கினார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் இருக்கிறதே, அதற்கும் முன்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று மில்லி அளந்தார். எண்பது மில்லி. மறுபடி அளந்தார், எண்பது. மூன்றாவது தடவையும் எண்பதுதான். சாக்பீஸ், சுவர், கோடு. தாராளம் என்று அவரே தன் முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது, வெல்டர் விசில் அடித்தான், பார்க்க வந்திருந்த அக்கா கை தட்டினார். சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்து, ஜீப்பைத் தரையில் இறக்கினார்கள். கடைசியாக ஒரு பார்வை என்று மில்லி டார்ச்சோடு கீழே நுழைந்தார்.

எண்பது மில்லியைக் காணோம்! சம்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு விரல்தான் போனது. ஆக்ஸில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அளந்திருக்கிறார் மனிதர். மூன்று முறையும் தொங்கலிலேயே! வண்டி தன் காலில் நின்றால் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும், இடைவெளி குறையும் என்பது தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்த விஷயம். இந்த லட்சணத்தில் டீசல் எஞ்சின் பழையதைவிட நூறு கிலோ கூடுதல். மலையடிவாரத்தில் ஓடையைத் தாண்டும் இடத்தில் கற்கள் கிடக்கின்றன. முதல் கல்லில் ஆக்ஸில் எம்பும், சம்ப் உடையும், ஆயில் கொட்டும், வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அங்கேயே என்றால், சமதரையில். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. மேலதிகாரி இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விடலாம்.

அந்த நினைப்பு வந்ததும் மில்லி டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே மல்லாந்து கிடந்தார். வாயைத் திறக்காமல் வெளியே போனால் போதும். எஞ்சின் கோளாறு என்று நாலு பேர் சொல்வார்கள், அக்கா ஒரு வாரம் கத்துவார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரமாக இருப்பார். மழை பெய்தால் பெய்துவிட்டுப் போகட்டும். ஆசையாகத்தான் இருந்தது. தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

பக்கத்தில் அட்டையை விரித்து அக்காவும் உள்ளே நுழைந்தார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவருக்கு இடுக்கில் நுழைவதா கஷ்டம்?

"என்னடா, இங்கயே குடும்பம் நடத்தப் போறியா?"

அக்கா மில்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லி டார்ச்சை மறுபடி போட்டு, அந்த ஒரு விரல் இடுக்கைக் காட்டினார்.

"தப்பா அளந்துட்டேன்க்கா."

"நீயா?"

"நானேதான். இப்படியே போனா ஓடையிலயே படுத்துரும்."

"நாளைக் காலைக்குள்ள சரி பண்ண முடியுமா?"

"எஞ்சினை மேல தூக்கணும். தூக்குனா பானெட்டுல இடிக்கும். அதை வெட்டணும்."

"என் தலையில இடிச்சாலும் வெட்டு. எந்திரி!"

அதன் பிறகு பட்டறையில் யாரும் உட்காரவில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கி, அடியில் இரும்புக் கட்டைகள் வைத்து முடுக்கினார்கள். ஆக்ஸில் அளவுக்கு மேல் எம்பாதபடி ரப்பர் தடுப்புகள் வைத்தார்கள். பானெட்டில் வெல்டர் சதுரமாக ஓட்டை போட்டு, அதன்மேல் தகரத்தில் ஒரு கூடு அடித்து ஒட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை. இந்த முறை மில்லி வண்டியைத் தரையில் நிறுத்தி, பின்னால் மணல் மூட்டை ஏற்றி, ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிவைத்து அளந்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலை மேலதிகாரி வந்து, பானெட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அக்கா சாவியை வாங்க மில்லியிடம் வந்தார். குரலை ஒருநாளும் தாழ்த்தாதவர் அன்று தாழ்த்தினார்.

"நான் மேல போறது உனக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியாதாடா?"

மில்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏன்க்கா எங்கிட்ட குடுத்த?"

"தெரிஞ்சே ஒரு போல்ட்டை லூசா விட உனக்கு வராது. அதான்."

ஜீப் கிளம்பியது. ஓடையில் இறங்கி, கல்லில் குலுங்கி, எதிலும் இடிக்காமல் ஏறியது. மில்லி வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அங்கே கியர் மாறியது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தும் பயமாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அக்காவின் எண். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

"என்னக்கா? என்ன ஆச்சு? எங்க நிக்குது வண்டி?"

"ஒண்ணும் ஆகலடா. இங்க ஒரு பசு கன்னு போட முடியாம கிடக்கு. எங்க ஆபீசர்தான் போனை என் காதுல பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. மலை வேலை எனக்கேதான்னு சொல்லிட்டாரு."

"அப்போ எதுக்குக் கூப்பிட்ட?"

அக்கா முப்பது வருடமாக மலை ஏறுகிறார். ஒரு நாள்கூட இதைச் சொல்வதற்காக யாருக்கும் போன் செய்ததில்லை.

"வந்து சேந்துட்டேன்டா தம்பி" என்றார்.