வாய்க்காலுக்குக் கிடைத்த மஞ்சள் சட்டை

ரயில் நிலைய வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு 'வாய்க்கால்' என்று பெயர் வைத்தவர்கள் கூட வேலை பார்த்தவர்கள்தான். வாயும் ஓயாது, காலும் நிற்காது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் வெயில், விலைவாசி, தன் மூட்டுவலி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பேசி முடித்துவிடுவார். பின்னால் நிற்கிற கூட்டம் பல்லைக் கடிக்கும்.

ஒரு நாள் அந்த வாசலில் தானாகத் திறந்து மூடும் கதவுகளை வைத்தார்கள். கதவு பேசவில்லை, பயணிகளுக்குப் பெரிய நிம்மதி. வாய்க்காலை என்ன செய்வது என்பதுதான் நிலைய மேலாளருக்குத் தலைவலியாகிவிட்டது. நல்லவேளையாக, மேலிடம் அப்போதுதான் ஒரு புதுத் திட்டத்தை அனுப்பியிருந்தது. மனம் உடைந்தும் போக்கிடம் இல்லாமலும் நிலையத்துக்கு வருகிறவர்களிடம் ஊழியர்களே போய்ப் பேசி உதவ வேண்டுமாம். 'பேசி' என்ற சொல்லைப் படித்ததுமே மேலாளருக்கு இவர் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் காரில் வந்து காரில் போனார். தனியாக உட்கார்ந்திருப்பவர்களை, முகம் வாடியவர்களை, பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால் பேச்சுக் கொடுங்கள் என்றார். சந்தேகம் வந்தால் சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள், கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாது என்றும் சொன்னார். முன்பின் தெரியாத ஆளிடம் அப்படிக் கேட்டால் செருப்பல்லவா பறக்கும் என்று வாய்க்கால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தார். கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் மேல்சட்டை கொடுத்தார்கள். 'பேசலாம் வாங்க' என்ற எழுத்து முதுகுப்பக்கம் இருந்தது. போட்டவர் தாண்டிப் போன பிறகுதான் அவரிடம் பேசலாம் என்பதே மக்களுக்குத் தெரியும்.

மறுநாள் நடைமேடைக்குப் போனவர் திகைத்து நின்றார். ரயில் தாமதம். முகம் வாடாத, பெருமூச்சு விடாத ஒரு ஜீவன் அங்கே இல்லை. அதற்காக அவர் சளைத்துவிடவில்லை. ஒரு வக்கீலிடம் போய் மனசில் என்ன பாரம் என்று விசாரித்தார். உங்கள் ரயில்தான் என்றார் வக்கீல். காதலனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் இவர் வாழ்க்கையின் அருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, வந்து சேர்ந்த காதலன் சட்டையைப் பிடித்தான். விலாப்பக்கம் தையல் விட்டுப்போனது அன்றைக்குத்தான். நாளடைவில், மஞ்சள் நிறம் தூரத்தில் தெரிந்தாலே பயணிகள் சிரித்த முகமாக உட்காரப் பழகிக்கொண்டார்கள். நிலையமே மகிழ்ச்சியாக இருக்கிறது என்று மேலாளர் மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

ஒரு பிற்பகலில் மூட்டுவலி தாங்காமல் வாய்க்கால் நடைமேடைக் கோடியில் இருந்த பெஞ்சில் போய் விழுந்தார். அங்கே ஓர் அம்மாள் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். படிய வாரிய தலை, அமைதியான முகம், பெருமூச்சு இல்லை. பயிற்சியின்படி அவளுக்கு ஒரு குறையும் இருக்க முடியாது. அதனால் தன் குறையைச் சொல்லலாம் என்று இவர் ஆரம்பித்துவிட்டார். கதவு வந்தது, வேலை போனது, மஞ்சள் சட்டையால் மானமும் போனது என்று கொட்டித் தீர்த்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"சட்டை விலாவுல பிரிஞ்சிருக்கு. கழட்டிக் குடுங்க, தைச்சுத் தரேன்."

பையிலிருந்து ஊசி நூல் வந்தது. அவள் தையல்காரி. மகள் வீட்டோடு இருக்கிறாளாம். இடத்தை அடைக்கிறது என்று மருமகன் அவள் தையல் மெஷினைத் தூக்கி வெளியே போட்டுவிட்டானாம். மகளும் வாயைத் திறக்கவில்லை. தைத்துக்கொண்டே இதையெல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதைபோலச் சொன்னாள். இதற்குள் வந்த ரயில்களெல்லாம் போய்க்கொண்டிருந்தன. அவள் எதிலும் ஏறவில்லை. வாய்க்காலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்த வண்டிக்கும்மா காத்திருக்கீங்க?"

"எதுக்கும் இல்ல."

அவர் ஆயுளில் முதல் தடவையாகச் சொல்லைத் தேடினார். காரில் வந்தவர் சொன்னதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

"செத்துப்போகணும்னு தோணுதாம்மா?"

செருப்பு பறக்கவில்லை. அவள் ஊசியை நிறுத்தினாள்.

"காலையில தோணுச்சு. இப்ப உங்க புலம்பலைக் கேட்டுட்டிருந்ததுல மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். வாய்க்கால் ஒன்றும் பேசவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நிலையத்திலேயே இருந்த உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது பூட்டியிருந்தது. உதவி செய்வது எப்படி என்று உள்ளே இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் கூட்டம் போட்டுப் பேசப் போயிருந்தார்கள். யார் வீட்டுக்குப் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று கேட்டார். தங்கச்சி என்றாள். தங்கச்சிக்கு அவரே போன் செய்தார். அடுத்த வண்டியில் அவளை ஏற்றி, தானும் ஏறி, அந்த ஊர் நிலையத்தில் தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

மறுநாள் பணியிடத்தை விட்டுப் போனதற்கு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். ஓர் உயிரைக் காத்ததற்காக மேலாளருக்குப் பாராட்டு வந்தது. பத்திரிகைக்குப் படம் வேண்டுமே? அந்த அம்மாளை வரச் சொல்லு என்றார் மேலாளர். ஆளின் விலாசம் மறந்துவிட்டது என்று வாய்க்கால் கையை விரித்தார். வேறு வழியில்லாமல் நடைமேடை கூட்டுகிற பெண்ணைப் பெஞ்சில் உட்காரவைத்து, தோளில் கைவைத்து நின்றார் மேலாளர். அவளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வாரமும் லீவு கிடையாது என்று மேலாளர் சொன்னதும் முகம் தானாகத் தொங்கியது. படம் பிரமாதமாக வந்தது.

தையல்காரி இப்போது தங்கச்சி வீட்டு முன்னறையில் தைக்கிறாள். அவ்வப்போது போன் செய்கிறாள். தங்கச்சி ஊரைக் கூட்டுகிற ஆள், சமையலில் உப்பே போடுவதில்லை, ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்கிறாள் என்று நீளமான புகார்கள். மகள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். கூப்பிட்டும் இவள் போகவில்லை. வாய்க்கால் ம் கொட்டிக்கொண்டே கேட்கிறார், நடைமேடையின் அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே.