பேலுக்குள் இருந்த தீ

1. நாற்காலி இல்லாத வேலை

ராஜபாளையத்து மில்லில் சேர்ந்த முதல் நாள் ஸ்பின்னிங் மாஸ்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஈரக்காரியா? நின்னுக்கிட்டே வேல பாப்பியாம்மா?" என்பதுதான்.

எங்கள் மில்லில் நான்கு வகை மந்திரக்காரர்கள் உண்டு. தீக்காரர் தீயைப் பிடித்து அடக்குவார். காற்றுக்காரர் பறக்கிற பஞ்சுத் தூசியை ஒதுக்குவார். நூல்காரர் அறுந்த நூலைத் தொடாமலே ஒட்டுவார். இந்த மூன்று பேருக்கும் டிபார்ட்மெண்டில் நாற்காலி உண்டு. நூல் உலர்ந்து அறுந்து போகாமல் காக்கிற ஈரக்காரிக்கு மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். நல்ல வழக்கம்!

அப்போது எனக்கு நாற்பது வயது. அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாலைக்கடையில் பூ வாடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் தண்ணீரை உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. வாளித் தண்ணீர் எங்கள் சொல் கேட்காது. ஒன்றில் ஊறியிருக்கிற ஈரத்தை இன்னொன்றுக்கு மாற்றுவோம், அவ்வளவுதான். ஒரு முகூர்த்த நாளில் அவசரத்தில் நான் இழுத்த இழுப்பில், முதலாளி அப்போதுதான் இட்ட நாமம் காய்ந்து பொடியாக உதிர்ந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

மில்லில் முதல் ஆறு மாதம் தற்காலிகம். குறை வராமல் முடித்தால் நிரந்தரம். வீட்டுக்காரர் இறந்துபோய், இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். அதனால் நாற்காலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மனதுக்குள் வைததோடு சரி.

2. மூன்றாவது பேல்

ஆறாம் மாதம், காலை ஷிப்ட். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற ப்ளோ ரூமில், மெஷினுக்குள் இரும்புத் துண்டு ஒன்று உரசிப் பஞ்சு பற்றிக்கொண்டது. தீக்காரர் சுப்பையா அண்ணாச்சி ஓடிவந்தார். சேத்தூர்க்காரர். கையை ஒரு வீசு வீசினால் தீ அடங்கும், அன்றும் அடங்கியது. தீயைப் பற்றி அவர் சொன்னால் மில்லில் மறுபேச்சு இல்லை. தீ செத்துவிட்டது, மெஷினை ஓட்டலாம் என்றார்.

சத்தம் கேட்டு ஸ்பின்னிங்கிலிருந்து ஓடிவந்திருந்த எனக்கு உள்ளங்கை அரித்தது. ஈரக்காரிக்கு வறட்சி அங்கேதான் தெரியும். பக்கத்தில் அடுக்கியிருந்த பேல்களில் மூன்றாவது, வெளியே மற்றவை போலத்தான் இருந்தது. அதன் நடுவில் மட்டும் பொட்டு ஈரம் இல்லை. உள்ளே எரிந்தாலொழியப் பஞ்சு அப்படி வறளாது. அமுக்கிக் கட்டிய பேலின் இடுக்கில் ஒரு பொறி புகுந்துவிட்டால், உள்ளே கங்கு புகை காட்டாமல் மணிக்கணக்கில் கிடக்கும். பிரித்துக் காற்றுப் பட்டால் குப்பென்று எழும். அங்கே பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாஸ்டரிடம் போய், அந்தப் பேலில் ஏதும் இருக்குமோ என்று தோன்றுகிறது, என் தப்பாகவும் இருக்கலாம் என்று இழுத்தேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி இல்லை என்று கையை ஆட்டினார். போய் நூலைப் பார் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

பத்தடி நடந்திருப்பேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி ஏன் சொன்னேன்? திரும்பிப் போய் மெஷின் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள கங்கு இருக்கு சார். உறுதியாச் சொல்லுதேன்."

"இல்லாமப் போச்சுன்னா?" என்றார் மாஸ்டர்.

"நாளைலருந்து நா வேலைக்கு வரல."

அந்தக் கங்கை நனைக்க நிறைய ஈரம் வேண்டும். அருகில் அவ்வளவு ஈரம் இருந்த இடம் நூல் நூற்கிற ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட் ஒன்றுதான், ஆறு மாதம் நான் கண்ணைப்போல் காத்த ஈரம். அத்தனையையும் ஒரே இழுப்பில் இழுத்துப் பேலுக்குள் விட்டேன். அடுத்த நொடி டிபார்ட்மெண்ட் முழுக்க நூல் அறுந்தது. நூல்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "பேலப் பிரிங்கலே" என்றார்.

கட்டை வெட்டினார்கள். மேல் அடுக்கு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. எனக்குப் பிள்ளைகள் நினைப்பு வந்தது. அதற்கும் கீழே மஞ்சள், பிறகு கருப்பு. நடுவில் தேங்காய் அளவுக்குக் கரி, நனைந்துபோய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அதைக் கிளறிப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியுத தீதான் எனக்குப் பிடிபடும் தாயி. இது தெரியல. தப்பு எம்மேல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அழுகை வந்துவிட்டது எனக்கு.

3. பிறகு

நூல்காரர்கள் இரண்டு ஷிப்ட் ஒட்டினார்கள். அதில் ஒருவர் இன்றைக்கும் தெருவில் என்னைக் கண்டால் பெரிய கும்பிடு போடுவார், பாதி கேலிதான். வேலை நிரந்தரமானது. தீ அணைந்ததென்று தீக்காரர் சொன்னால் போதாது, ஈரக்காரியும் சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும் என்று மாஸ்டர் எழுதி ஒட்டினார். போன மாதம் நான் ஓய்வு பெற்ற அன்றும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கர்வம்தான், மறைப்பானேன்?

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டால், "இருக்குமோ" என்று போய் நிற்காதீர்கள். நான் அப்படிச் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது அவர்கள் தப்பு மட்டுமில்லை.

அந்தப் பேலைப் பிரித்த மறுநாள் காலை அண்ணாச்சி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்பின்னிங்குக்குள் வந்தார். நான் நிற்கிற இடத்தில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அன்று முழுக்க அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார்.