பாதிரியார் வீட்டுப் புகைபோக்கி

எண்பத்தைந்தில், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்கள் மூவருக்கும் ரெனானுக்கு அப்பால் பிரெஞ்சு பேசும் ஒரு கிராமத்துப் பாதிரியார் தன் வீட்டின் கீழ்த்தளத்தைத் தந்திருந்தார். முந்நூறு வருடக் கல்வீடு. அவர் குள்ளம், மூக்கு மட்டும் தாராளம். போகிற வருகிற போதெல்லாம் சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். மேல்மாடி வாசிப்பறையில் ஆதியில் குளிர்காய நெருப்பு மூட்டும் ஒரு கணப்பு இருந்ததாம். எந்தச் சுவருக்குள் வைத்துப் பூசினார்கள் என்று பத்து வருடமாகத் தேடுகிறாராம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, ஊர்ப் பெரியவர்கள் வாசிப்பறையில் அவரோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கீழே, பழைய புகைபோக்கிக்கு அடியில் செத்தல் மிளகாய் வறுத்தோம். திடீரென்று மேலே இருமல், தும்மல், கதிரைகள் விழும் சத்தம்.

"முடிஞ்சுது. இனி ரோட்டிலதான் படுக்கை," என்றார் எங்களில் மூத்த அண்ணை.

பாதிரியார் கண்ணீர் வழிய ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கும் பிரெஞ்சு எனக்கு அடியோடு மறந்துவிட்டது. அவரோ என் இரு தோள்களையும் பிடித்துக் குலுக்கினார்.

"அலுமாரிக்குப் பின்னால்! புகை அங்கேயிருந்துதான் வருகிறது! என் கணப்பு!"

"நிப்பாட்டட்டோ எண்டு கேள்," என்றார் அண்ணை. கேட்டேன்.

"நிறுத்துவதா? இன்னும் போடுங்கள்!"

போட்டோம். ஊர்ப் பெரியவர்கள் தோட்டத்துக்கு ஓடினார்கள். அவர் மட்டும் மேலே சுவர் வெடிப்பில் மூக்கை வைத்துத் தும்மித் தும்மிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு, ஒரு பை செத்தல் மிளகாயோடு எங்கள் வாசலில் நின்றார். அந்த ஊரில் அதை எங்கே பிடித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. படுக்கையறைச் சுவர் ஒன்றிலும் சந்தேகமாம்.