எட்டு மேசைகளின் வலது திரை

காலை பதினொன்று பத்துக்கு போன் அடித்தபோது தங்கை அதை எடுக்கவில்லை. அண்ணனின் எண். பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தாள், அதற்குள் எழுதி வைத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தாள். எழுதவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் முறை எடுத்து, அவர் பேசுவதற்குள் முந்திக்கொண்டாள்.

"ஆபீஸ் கேட்டுக்கு வந்துட்டியா? ஒரு பத்து நிமிஷம் இருண்ணா, முடிச்சுடறேன்."

பேசியது வேறு ஆள். "நான் பஸ் கண்டக்டர்மா. இந்த போன்காரர் சீட்டுலயே சாஞ்சுட்டாரு. கடைசியா இந்த நம்பருக்குத்தான் பேசியிருக்காரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி" என்றாள்.

"பதறாம வாங்க" என்றார் கண்டக்டர். அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அண்ணனுக்கு அலுவலகம் வைத்த பெயர் கேபிள். நகரக் குடிநீர்க் கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு வருடம் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். அதே அறையில் மூன்றாவது மேசை தங்கையுடையது. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரும் தோளில் வயருமாக வருவார். பாதி நாள் மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும்தான் கேட்கும். "திரை கருத்துப் போச்சுன்னா திரையைத் தட்டாதீங்கப்பா. அது என்ன பண்ணும் பாவம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை" என்பார்.

மொத்தம் எட்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று திரைகள். இடது திரையில் குழாய்களின் வரைபடம், நடுவில் புகார்கள், வலது திரையில் தண்ணீரின் அழுத்தம். வலது திரை இருண்டால் எந்தத் தெருவில் குழாய் வெடித்தாலும் இங்கே தெரியாது. இரண்டு வருடம் முன்பு எல்லாக் கணினிகளுக்கும், திரைகளுக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு புதிதாகப் போட்டார்கள். அன்றிலிருந்து வலது திரைகள் நினைத்தபோது அணைந்தன. திரை மட்டம் என்றார் ஒருவர், வயர் மட்டம் என்றார் இன்னொருவர். அண்ணன் திரைகளை இடம் மாற்றிப் பார்த்தார், வயர்களை மாற்றிப் பார்த்தார். மூன்று வாரம் வீட்டில் சாப்பிடும்போதுகூட வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததாக அண்ணி சொல்வாள். கடைசியில் குற்றவாளி பிடிபட்டது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான். அதன் புதிய பதிப்பில், மூன்றாவது திரை ஒருமுறை தூங்கிப்போனால் அப்படி ஒரு திரை இருப்பதையே கார்டு மறந்துவிடுகிறது. 417 என்று முடியும் பழைய பதிப்பு மட்டும் மறப்பதில்லை. புதியதைச் சுவடில்லாமல் நீக்கி, பழையதைப் போட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வழியையும் அடைத்தார். ஒவ்வொரு கணினிப் பெட்டியின் நெற்றியிலும் வெள்ளை நாடா ஒட்டி "417, தொடாதே" என்று எழுதினார்.

அதன் பிறகு திங்கட்கிழமை தோறும் அரை மணி முன்பாக வந்து இருபத்துநான்கு திரைகளையும் தூங்க வைத்து எழுப்புவார். "எல்லாரும் எழுந்தாச்சா?" என்று திரைகளிடம் கேட்பார். இரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் தூங்கிவழியவில்லை.

புது மேலாளர் வந்ததும் கேட்ட முதல் பொருள் அண்ணனின் பாஸ்வேர்டு. "நீங்க லீவுல இருந்தா அவசரத்துக்கு வேணுமே?"

அண்ணன் கொடுத்துவிட்டார். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல் விளக்கற பிரஷ்ஷை இரவல் குடுத்த மாதிரி இருக்கு. உனக்கு அறிவிருக்கா?"

"மேலாளர் கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்? விடு, அவருக்கு மவுஸையே நேராப் பிடிக்கத் தெரியாது" என்று சிரித்தார்.

துறையின் பெரியவர்கள் பார்வையிட வந்த நாள் அது. காலை எட்டே முக்கால். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அறையில் தங்கை மட்டும் இருந்தாள். மேலாளர் வந்து, எல்லாக் கணினிகளையும் ஆளும் மூலைக் கணினியில் அண்ணன் பெயரில் உள்ளே நுழைந்தார். ஓரத்தில் மஞ்சள் கட்டத்தில் ஓர் அறிவிப்பு, புதிய டிரைவர் வந்திருக்கிறது என்று.

"பெரியவங்க வர்ற நேரத்துல இது என்ன அசிங்கமா நிக்குது?"

தங்கை பாதி எழுந்தாள். "சார், அதைத் தொட வேண்டாம்னு அண்ணன்..."

"உங்க அண்ணன் நாடா ஒட்டினா அது சட்டமா?" என்றபடி, எல்லாக் கணினிகளுக்கும் என்பதை அழுத்தினார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தபோது ஐந்து வலது திரைகள் கருத்திருந்தன. அவர் பையை வைப்பதற்குள் எட்டும் போயின. ஒன்றும் கேட்காமல் முதல் மேசைக்கு அடியில் புகுந்தார். ஒரு கணினிக்கு இருபது நிமிடம். நான்காவதில் இருக்கும்போது பெரியவர்கள் வந்துவிட்டார்கள்.

"மூணுல ரெண்டு தெரியுதே, பாஸ் மார்க்தான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க டெக்னீஷியன் கேக்காம கொள்ளாம புதுசைப் போட்டுட்டாருங்க" என்றார் மேலாளர்.

மேசைக்கு வெளியே அண்ணனின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அதுவரை ஆடிக்கொண்டிருந்த வலது பாதம் அப்படியே நின்றதைத் தங்கை பார்த்தாள். பிறகு மறுபடி வேலை நடந்தது. எட்டையும் சரிசெய்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார்.

மூலைக் கணினியின் பதிவேட்டில் இருந்தது அவர் பெயர். வீட்டிலிருந்தே அவர் அதற்குள் நுழைய முடியும் என்பதால், ஒன்பதுக்குத்தான் வந்தார் என்பது எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்றார்கள். தங்கை பார்த்ததை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் அவளுக்கு போன் செய்வார்.

"நான் சொன்னா எடுபடாது. என் பேர்லதான எல்லாம் இருக்கு. நீ பார்த்ததை மூணு வரி எழுதிக் குடு, போதும்."

"எழுதறேண்ணா. என் கான்ட்ராக்ட் இந்த வாரம் புதுப்பிக்கணும். அந்தாளு கையெழுத்துப் போடணும். போட்ட மறுநிமிஷம் எழுதறேன்."

"சரி, நீயும் பொழைக்கணுமில்ல" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை அவளுக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்தாளிகள். திங்கட்கிழமை என்ன சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார். "நாளைக்கு விசாரணை. நானே கேட்டுக்கு வந்து வாங்கிக்கறேன், உனக்கு எதுக்கு அலைச்சல்?" அந்த பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார்.

மேலாளர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். "கேபிள் மாதிரி ஒரு ஆள் இனிமே கிடைக்க மாட்டாரு" என்று அண்ணியிடம் சொன்னார். வாசலில் தங்கையிடம் குரலைத் தாழ்த்தினார். "விசாரணையை அப்படியே மூடச் சொல்லிட்டேம்மா. போனவர் மேல இன்னும் எதுக்கு?"

"சரி சார்" என்றாள் அவள்.

மூடியதற்கும் ஒரு காகிதம் வந்தது. காரணம், தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு.

இரண்டு வாரம் கழித்து அண்ணி அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி கேட்டாள். "ஸ்கூல்ல யாரோ பொண்ணுகிட்ட, உங்கப்பாதான் ஆபீஸையே கெடுத்துட்டாராமேன்னு கேட்டிருக்காங்க. அவ ராத்திரி சாப்பிடலை. அவர் தொட்டிருக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன, அவகிட்டக் காட்ட ஒரு காகிதம் வேணுமே. நீ அங்கதான இருந்த, உனக்கு ஏதாவது தெரியுமா?"

"பார்க்கறேன் அண்ணி."

"பாரும்மா" என்று அண்ணி அவள் கையைத் தொட்டாள். அந்தத் தொடுகை அவளுக்குச் சுட்டது.

இப்போது கணினிகளை வெளியூர்க் கம்பெனி ஒன்று தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்கிறது. வந்த முதல் வாரமே எல்லாவற்றுக்கும் புதிய டிரைவர் போட்டார்கள். வலது திரை அணையும்போது போன் செய்தால், அணைத்துப் போடுங்கள் என்கிறார்கள். அணைத்துப் போட்டால் வருகிறது, மத்தியானத்துக்குள் மறுபடி போய்விடுகிறது. துடைக்க வருபவர் ஏழு நாடாக்களைச் சுரண்டி எடுத்துவிட்டார். மூன்றாவது மேசையில் அவளே நின்று தடுத்தாள். இந்த ஒன்றை மட்டும் தடுக்க அவளுக்கு வாய் வந்தது.

அவளுடைய கணினியில் 'மூணு வரி' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குத் திறந்தது. மேலே தேதி இருக்கிறது. மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு என்று இருக்கிறது. அதன் கீழே, "அன்று காலை எட்டே முக்கால் மணிக்கு மேலாளர் அவர்கள்" என்பதோடு நிற்கிறது.