வட்டத் தாளின் பின்பக்கம்

கருகிய எண்ணெய் வாசனை அடிக்காத காகிதத்திலும் கதை எழுதலாம் என்பது பத்து வயதுவரை எனக்குத் தெரியாது. மராட்டி பேசும் பிம்ப்ரியில் பற்சக்கரங்களை உலையிலிட்டுப் பதப்படுத்தும் சிறிய பட்டறை ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். உலையின் சூட்டை ஒரு பேனா முள் தானாகவே சிவப்புக் கோடாக இழுத்துக்கொண்டு போகும் வட்டத் தாள்கள் அங்கே உண்டு. சாப்பாட்டுத் தட்டின் அகலம், நடுவில் ஓர் ஓட்டை. கோப்பில் வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து தூக்கிப் போடுகிற தாள்களை அப்பா டிபன் பையில் சுருட்டி எடுத்து வருவார். பட்டறையில் அதற்கு ‘சக்ரி’ என்று பெயர், எங்கள் வீட்டிலும் அதுவே.

பத்து வயதான அந்தக் கோடை ‘சுட்டி’ முழுவதும் (விடுமுறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சக்ரிகளின் பின்பக்கத்தில் கதை எழுதினேன். மராட்டிப் பள்ளியில் படித்தவள், தமிழ் வீட்டில் பேச்சோடு சரி. ஆகவே தமிழ்க் கதைகளை மராட்டி எழுத்தில் எழுதினேன். விளிம்பில் தொடங்கி, தாளைத் திருப்பித் திருப்பி உள்ளே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ராஜா சாகாவிட்டாலும் கல்யாணம் பாதியில் நின்றாலும், ஓட்டை வந்துவிட்டால் கதை முடிந்தது.

அப்பாவுக்கு மராட்டி பேச வரும், படிக்க வராது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ‘ச்சாய்’ குடிக்க உட்கார்ந்ததும், “இன்னிக்கு இன்னா புளுகின, படி” என்பார். நான் தயங்கினால், “பரீட்சைக்கா எழுதற? தப்பாப் போனா யாரு கேக்கப் போறாங்க” என்பார். திருத்தவும் மாட்டார், மெச்சவும் மாட்டார், “அப்புறம்?” என்பதோடு சரி. நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன். பழைய வீட்டு முகவரி நினைவிருப்பதுபோல அதுவும் நினைவிருக்கிறது.

பட்டறைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. அப்படி ஒரு வியாழனன்று நான் எழுதியது அப்பாவின் கதை. பேனா முள்ளில் மை காய்ந்துபோன ஒருநாள், மீதிக் கோட்டை யாருக்கும் தெரியாமல் தன் கையாலேயே இழுத்து முடித்ததை அவர் அம்மாவிடம் சிரித்தபடி சொல்லியிருந்தார். அதைக் காதில் வாங்கி, உலைக்குள் ஒரு பூதத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். மறுநாள் காலையில்தான், அந்தத் தாள் இன்னும் காலம் முடியாதது, தவறுதலாக வீட்டுக்கு வந்துவிட்டது என்று அப்பாவுக்கு உறைத்தது. அன்று கோப்புகளைப் பார்வையிடும் நாள். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்.

நடந்ததை அன்று மாலை அவர் அம்மாவிடம் சொல்லக் கேட்டேன். மேலாளர் தாளைப் புரட்டியிருக்கிறார். மராட்டி எழுத்தைப் பார்த்ததும் சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு சொல்லும் புரியாமல் மந்திரம்போல அவர் படிக்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, தான் செய்த குற்றத்தை அப்பா மட்டும் தமிழில் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மேலாளர் கேட்டதும், அதுவரை ஒரு கதையும் சொல்லி அறியாத அப்பா, பெண் எழுதிய கதை என்று சொல்லி, பஸ்ஸில் ஏற ஆசைப்பட்ட எருமை ஒன்றைப் பற்றித் தன் ஓட்டை மராட்டியில் ஆரம்பித்திருக்கிறார். மேலாளரோ எழுத்தின்மேல் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி வருகிறார். விரல் நடு ஓட்டைக்கு வந்து சேரும்வரை எருமையை டிக்கெட் எடுக்க வைத்து, கண்டக்டரோடு சண்டை போட வைத்து, இறக்கிவிட வேண்டியிருந்தது. பெண் கெட்டிக்காரி, நிறைய எழுதச் சொல் என்று மேலாளர் ஒரு கட்டுப் புதுத் தாளே கொடுத்தனுப்பியிருந்தார்.

அப்பா அடிக்கவில்லை. புதுத் தாள்களை என்னிடம் நீட்டி, “நீ எழுதும்மா. நான் வேணான்னு சொல்லல. நம்ம வூட்டு விஷயத்த மட்டும் எழுதாத” என்றார். நியாயம்தான், வேலையே போயிருக்கும். தலையாட்டினேன்.

எருமையை எழுதிப் பார்த்தேன். எதைத் தொடங்கினாலும் இரண்டு சுற்றுக்குள் அப்பா வந்தார், அம்மா வந்தாள், குழாயடிச் சண்டை வந்தது. வந்த இடத்திலெல்லாம் நிறுத்தினேன். பள்ளி திறப்பதற்குள் எழுதுவதே நின்றுவிட்டது. ‘இன்னா புளுகின’ என்று அப்பாவும் சில நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டார். நான் வருந்தியதாக நினைவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு கொஞ்ச நாள் தேடும், பிறகு விட்டுவிடும்.

இப்போது பாணேரில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். பட்டறை இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. உலைச் சூட்டையெல்லாம் கணினித் திரையே காட்டுகிறது, வட்டத் தாளைக் கண்டு வெகுகாலமாகிறது. அப்பா போய் மூன்று வருடம். இறப்புச் சான்றிதழ் வாங்குவதுமுதல் எல்லாக் காரியத்தையும் சரியாகச் செய்தேன். தைரியசாலி என்றார்கள். அது தைரியம் இல்லை, எதுவுமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் விளையாட்டாக எழுத ஊக்கம் கொடுங்கள் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது. போன வாரம் அவள் ஆங்கிலத்தில் எழுதிய கதையைக் காட்டினாள். அதில் ஓர் அம்மா வருகிறாள். எதற்கும் ‘ம்’ என்பாள், ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றபடியே சாப்பிடுவாள். முட்டியில் ரத்தத்தோடு வந்த பெண்ணுக்கு முதலில் பிளாஸ்திரியைத் தேடுவாள், முகத்தைப் பார்ப்பது பிறகுதான். கதையின் பெயர் ‘நேஹாவின் அம்மா’. கீழ்வீட்டு நேஹாவின் அம்மாவை எனக்குத் தெரியும், அவள் சிரித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும்.

“நேஹா அம்மா இப்படி இல்லையே” என்றேன்.

“நீதான் மம்மி. உனக்கு பேட் ஃபீல் ஆகும்னு நேம் மாத்திட்டேன்.”

எதையும் எழுதாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

“மாத்த வேணாம். என் பேரையே போடு.”

திட்டுகிறேனா என்று பார்த்தாள். “கிளாஸ்ல எல்லாரும் படிப்பாங்க. ஓகேவா?”

“படிக்கட்டும்.”

ரப்பரை எடுத்துத் தலைப்பை முழுவதும் அழித்தாள். என் பெயரின் முதலெழுத்தை அவள் எழுதியபோது, வெகு நாட்களுக்குப் பிறகு எனக்குப் பயமாக இருந்தது.