தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய டிஷ்

கேபிள் டி.வி. தொழிலில் இறங்கியவனுக்கு மழையும் எதிரி, மின்வெட்டும் எதிரி, சீரியல் நேரத்தில் படம் போய்விட்டால் ஊரே எதிரி. அந்த வேலை பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாடிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். 2006-ல் வடகொரியா அணுகுண்டைச் சோதித்துப் பார்த்ததே, அதே சமயம் விருத்தாசலத்தில் எனக்கும் ஒரு வடகொரியா முளைத்தது.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், செராமிக் பட்டறைகள் இருக்கும் தெருக்கள் என்னுடையவை. அந்தப் பக்கம் இன்னொரு கேபிள்காரர் குமரவேலுடையது. ஒருத்தர் கேபிளும் தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குள் வாய்ப்பேச்சு. அப்படியிருக்க, குமரவேல் மாடியில் பெரிய டிஷ் ஏறுகிறது, பூட்டிய அறைக்குள் புது கன்ட்ரோல் ரூம் தயாராகிறது, ஊர் முழுக்கவே கனெக்‌ஷன் கொடுக்கப் போகிறார் என்று சேதி வந்தது. அது நடந்தால் என் பிழைப்பில் மண். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிடப் பரபரப்புதான் அதிகம். டி.வி.யில் உலகமே பதறுகிறது, நானும் பதறுகிறேன்!

குண்டு போடச் சொன்னவர்

ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு நடராஜன் ஐயா, நியூஸ் சேனல் தெரியவில்லை என்று கூப்பிட்டார். ஒயரைச் சரி செய்ததும் கொரியா வந்தது. “பேச்சுவார்த்தையாவது மண்ணாவது! தலைமேல ஒண்ணு போடணும் தம்பி” என்று தொடையைத் தட்டினார். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. “அப்ப குமரவேல் கேபிள இன்னிக்கே வெட்டிடறேங்க” என்று எழுந்துவிட்டேன்.

ஐயா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“அவசரப்படாத. நீ வெட்டுனா அவனும் வெட்டுவான். அப்பறம் சண்டைய நான் எதுல பாக்கறது?”

தடை

சரி, அடிக்க வேண்டாம், தடை போடுவோம் என்று தீர்மானித்தேன். கம்பம் ஏறத் தெரிந்த லைன்மேன் அந்தோணி ஒருத்தர்தான். எனக்கும் வேலை செய்வார், குமரவேலுக்கும் செய்வார். “இனிமே தண்டவாளத்தைத் தாண்டாதீங்கண்ணே” என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நான்கே நாளில் மழை பெய்து அந்தப் பக்கம் படமெல்லாம் மங்கியது. எதிரி மண்டியிடப் போகிறான் என்று நான் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் போன் வந்தது. என் சொந்த அக்கா விஜயா. வாக்கப்பட்டது குமரவேல் தெருவில் என்பதை வெற்றிக் களிப்பில் மறந்தே போனேன்.

“டேய், உன் சண்ட அவனோடவா, என்னோடவா? அவன் வூட்டுல படம் பளிச்சுனு இருக்குது. என் வூட்டுலதான் பூச்சி பூச்சியாப் பறக்குது!”

ஆற விடலாமா?

பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் தனம் அக்கா வீட்டில் பெட்டி மக்கர் செய்தது. நான் போனபோது அங்கேயும் கொரியாதான். என் கதையையும் சேர்த்துக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: “சூளைய அணைச்ச ஒடனே கதவத் தொறந்தா அத்தினி பொம்மையும் விரிசல் வுட்டுடும் தம்பி. ஆற வுட்டுப் பேசுங்க.” ஆகா, இதுவல்லவோ யோசனை என்று பூரித்துப் போனேன்.

அவர் வீட்டுக்காரர் கோவிந்தன் அதே பட்டறையில் சூளை அடுக்குகிறவர். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நீங்க ஆற வுட்டுக்கினே இருங்க. அதுக்குள்ள அவன் அடுத்த சூளைய அடுக்கி முடிச்சிடுவான்.”

நேரடிப் பேச்சு

அவர்கள் இரண்டு பேர் பேச்சும் சரியாகவே பட்டது, அதுதான் சங்கடம். ஆற விடவும் கூடாது, அவசரமாகத் திறக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? துணிந்து குமரவேலுக்கே போன் போட்டேன். “உங்க ரூம நாங்க வந்து பாக்கணும். அந்த டிஷ்ஷ எறக்கணும்” என்றேன், ஐ.நா. சபையே நான் என்கிற தோரணையில்.

போன வருஷமே என் மாடியில் அதைவிடப் பெரிய டிஷ் ஏறியது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். குமரவேல் நிதானமாகக் கேட்டார்:

“ஏன்யா, நீ வச்சா பூச்சட்டி, நான் வச்சா குண்டா?”

தாம்பூலத் தட்டு

போனை வைத்தேன். விஜயா அக்காவிடம் ஓடினேன். “சோதன போட வரேன்னா எவன்டா கதவத் தொறப்பான்? புது ரூமுக்குப் பூஜ போடறான். நீ மொதல்ல அந்தோணிய அனுப்பு, அப்பறம் தட்டோட விருந்தாளியா வா. நான் பேசி வைக்கறேன்” என்றாள். தடை நீங்கியது, அந்தப் பக்கம் படம் தெளிந்தது, எனக்கு அழைப்பும் வந்தது.

பழத்தட்டோடு உள்ளே போனேன். வதந்தியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். இல்லை, ஊர் மொத்தத்துக்கும் போதுமான சாமான் வரிசையாக மின்னியது. மறுநாள் குமரவேல் என் அறையைப் பார்க்க வந்தார். அவர் முகமும் என் முகம்போலவே வெளுத்தது. இரண்டு பேராலும் ஊரையே பிடிக்க முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து பேசினோம். டிஷ் இருக்கட்டும், கேபிள் தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது. நம்பிக்கை இல்லாததால், இரண்டு அறையின் மறுசாவியும் அந்தோணியிடம் இருக்கும். அவர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார். எனக்கு ஆனந்தத்தில் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அக்கா வீட்டு டி.வி.யும் பிழைத்தது, என் தெருக்களும் பிழைத்தன!

அந்தோணி இரண்டு சாவியையும் அரைஞாணில் கோத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ரெண்டு ரூமும் இப்ப என் இடுப்புல இருக்குது. இனிமே ரெண்டு பேரும் என்கிட்ட கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க.”

எதிராளியை நம்ப வேண்டியதில்லை, இரண்டு பேர் சாவியையும் ஒரு பொது ஆள் இடுப்பில் தொங்கவிட்டு ஆயுசு முழுக்க அவருக்குப் பயந்து நடந்தால் போதும் என்பதே, கம்பத்தடியில் நான் கற்ற ராஜதந்திரம்.