மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஏற்ற பிஸ்டன்

அன்று எங்கள் வீட்டு ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்தான். நான், என் மனைவி, சேலத்தில் டாக்ஸி ஓட்டும் அவளுடைய அண்ணன், அவர் கூட்டி வந்திருந்த மெக்கானிக். ஐந்தாவதாகக் காரையும் சேர்க்கலாம். ஆனால் அதன் என்ஜினைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தோம். ஆகவே அது முழுதாக வந்திருந்தது என்று சொல்ல முடியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அப்போது மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவர், எனக்குத் தர வேண்டிய ஜீப் வாடகைக்குப் பதிலாக அந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே சீட், துணிக் கூரை, அடர்பச்சை நிறம். காப்பி மூட்டைகளுக்கு நடுவே வருஷக்கணக்கில் நின்றதில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தன.

அப்படியே விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். ஓட வைத்துவிட்டால் சேலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம், திறந்த காருக்கு அங்கே அவ்வளவு கிராக்கி. மச்சான் அவசரப்பட்டு, வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்குக் கார் வரும் என்று ஒரு கல்யாண வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். செலவுக்கு எங்களிடம் இருந்தது என் மனைவியின் சீட்டுப் பணம் மட்டும். சமையல்கட்டுக்கு மழைக்கு முன்னால் புது ஓடு போட அவள் கட்டி வந்த சீட்டு அது. கார் ஓடாவிட்டால் ஆடி மாதம் எங்கள் அடுப்பில் மழை பெய்யும்.

மெக்கானிக்தான் முதலில் பேசினான்.

“மெட்ராஸ்ல ஒருத்தரு சீமையில இருந்தே வரவழைச்சுத் தர்றாருங்கண்ணா. ரேஸ் பிஸ்டன். தலை மேடா இருக்கும். அதைப் போட்டுட்டா மலையில உங்க ஜீப்பெல்லாம் பின்னாடியே நின்னுக்கும்.”

“அத்தனை தூரம் எதுக்குத் தம்பி?” என்றார் மச்சான். “இந்த என்ஜினும் எங்க அம்பாசிடர் என்ஜினும் ஒரே வம்சம். டாக்ஸி பிஸ்டன் அப்படியே உக்காரும். சேலத்துல எந்தக் கடையிலயும் கெடைக்கும்.”

“சிங்கத்துக்கு ஆட்டுப் பல்லுக் கட்டச் சொல்றீங்க.”

“உன் சிங்கத்து வயித்துல எலி குட்டி போட்டு வெச்சிருந்துச்சு. அதை எடுத்துப் போட்டவன் நானு.”

எனக்கு எதிலும் பயம் உண்டு. பிரேக் பிடித்தால் நிற்குமா என்று பயம், நின்றால் மறுபடி கிளம்புமா என்று பயம். அந்தப் பயமே அன்று உதவியது. கெட்டுப்போக வழியுள்ள ஒவ்வொன்றையும் நான் ஏற்கெனவே மனதில் கெடவைத்துப் பார்த்திருந்தேன். மேடான தலையுள்ள பிஸ்டன் பெட்ரோலை இன்னும் இறுக்கி அழுத்தும். வேகம் வரும், சூடும் கூடவே வரும். அதற்கு உசத்தியான பெட்ரோல் வேண்டும், நமக்குக் கிடைப்பது சாதா பெட்ரோல்.

அப்போது என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, மாப்பிள்ளை ஊர்வலத்துல இது எவ்வளவு வேகம் போவும்?”

“நாயனக்காரர் நடக்கிற வேகம்.”

“அதுக்கு எதுக்கு ரேஸ் பிஸ்டனு?”

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். டாக்ஸி பிஸ்டன் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் வாழ்க்கையில் இப்படிச் சொல்லக்கூடிய விஷயங்கள் அதிகம் இல்லை.

மலிவாக முடிக்கப் பார்த்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேரிங்கும் கேஸ்கெட்டும் சேலத்து உதிரிபாகக் கடையில் இருந்ததிலேயே விலை கூடியதாக எடுத்தேன். கேஸ்கெட்டின் ஓரத்தை நகத்தால் தடவித் தடவித் திருப்பிக் கொடுத்ததில் கடைக்காரர் சலித்துப்போனார்.

“பொண்ணு பாக்க வந்தீங்களா, கேஸ்கெட் வாங்க வந்தீங்களா?”

அவரைப் பக்கத்து மளிகைக் கடைக்கு அழைத்துப் போய், நான்கு பிஸ்டன்களையும் தராசில் ஒன்றுக்கு எதிராக ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் தாழ்ந்தது. எடை ஒத்துப்போகாவிட்டால் என்ஜின் உதறும். சரியாக நிற்கும் ஜோடி கிடைக்கும்வரை அவருடைய அலமாரியை நான் விடவில்லை.

புதுப் பிஸ்டனுக்குத் தக்கபடி சிலிண்டரைச் சேலத்தில் கடைந்து வாங்கினோம். மெக்கானிக் எங்கள் வீட்டிலேயே தங்கி என்ஜினைப் பூட்டிக் காரில் ஏற்றினான். ஷெட்டில் குளிர்காற்றில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டையும் திருகித் திருகிச் சரிசெய்தான். “நொம்ப அழகா மூச்சு விடுதுங்கண்ணா” என்றான். உண்மைதான். என்ஜின்மேல் வைத்த டீ கிளாஸ்கூட அசையவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம் சேலத்துக்கு இறங்கினோம். வழி முழுக்க இறக்கம், என்ஜினுக்கு வேலையே இல்லை. மாப்பிள்ளை என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் நாயனம் தொடங்கியது. நாற்பதடிகூடப் போயிருக்காது, கார் தும்மியது. மறுபடியும் தும்மியது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

பக்கத்தில் நடந்துவந்த மெக்கானிக் குனிந்து, “ஆட்டுப் பல்லு வலிக்குதாட்ட இருக்குதுங்கண்ணா” என்றான். மச்சான் முகம் வெளுத்துப்போனது. எனக்கு என் சமையல்கட்டுக் கூரைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் பிஸ்டன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அது சரியானதுதான் என்றால் கோளாறு வேறு எங்கே என்று யோசித்ததும் பிடிபட்டுவிட்டது. மலைமேல் காற்று லேசு, கொஞ்சம் பெட்ரோல் போதும். கீழே காற்று கனம், அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். மலை ஜீப்பைச் சேலத்துக்கு ஓட்டிப்போகிற நாங்கள் அடிவாரத்தில் நிறுத்திக் கார்புரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது வழக்கம். கல்யாணக் கார் என்கிற பரபரப்பில் அடிவாரத்தில் நிற்கவே இல்லை. ஏற்காட்டுக் காற்றுக்குத் திருகிய காரைச் சேலத்துத் தெருவில் விட்டிருந்தோம்.

பானட்டைத் தூக்கினேன். இரண்டு கார்புரேட்டருக்கும் அடியில் இருக்கும் நட்டை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். நாயனக்காரர் அந்தப் பாட்டை முடிப்பதற்குள் தும்மல் நின்றது. முள் ஏறிய இடத்திலேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது.

கோயிலைச் சுற்றி மண்டபம் சேரும்வரை கார் ஒருமுறைகூட முனகவில்லை. பாதி வழியில் மாப்பிள்ளை கேட்டார்: “ஏனுங்க, கொஞ்சம் வேகமாப் போவாதுங்களா?”

“கார் போவுங்க. நாயனக்காரர் ஓடமாட்டாருங்க.”

அந்தச் சூட்டில் ரேஸ் பிஸ்டன் இருந்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்று நான் இன்றும் சொல்கிறேன். மெக்கானிக் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. “சீமைப் பிஸ்டனா இருந்திருந்தா தும்மியே இருக்காதுங்கண்ணா” என்பான்.

அந்த வாடகையை அன்றே மனைவியின் கையில் கொடுத்தேன். ஆனி முடிவதற்குள் சமையல்கட்டுக்குப் புது ஓடு ஏறிவிட்டது. அடுத்தடுத்த முகூர்த்தங்களில் சீட்டுப் பணமும் ஏறக்குறைய அடைந்தது. கடைசி வாடகையில் மட்டும் ஜீப்புக்கு டயர் வாங்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அவள் அதைக் கேட்டதில்லை, மறந்ததுமில்லை. நான் அவளுக்கு இன்னும் தர வேண்டியது நூற்று எழுபது ரூபாய்.